200 மணி நேரம் எங்கிருந்து வந்தது? யோகா ஆசிரியர் சான்றிதழின் கதை

"200 மணி நேர யோகா டீச்சர் ட்ரெயினிங். 25 நாளில் சர்வதேசச் சான்றிதழ்."

இந்த மாதிரி விளம்பரம் உங்கள் டைம்லைனிலும் கண்டிப்பாக வந்திருக்கும். ரிஷிகேஷ், கோவா, மைசூர், பாலி, இப்போது ஆன்லைன் என்று எங்கே பார்த்தாலும் இதே 200 தான்.

ஓபியிலும் கேட்கிறார்கள். "டாக்டர், இந்தக் கோர்ஸ்ல சேரலாமா?" என்று ஒருவர். "எங்க தெரு யோகா மாஸ்டர் சர்டிஃபிகேட் வெச்சிருக்கார், எனக்கு டிஸ்க் பிரச்சனை இருக்கு, அவர்கிட்ட போகலாமா?" என்று இன்னொருவர்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்வதற்கு முன்னால், அந்தச் சான்றிதழ் என்னவென்று நமக்குத் தெரிய வேண்டும். அந்த 200-ஐ பதஞ்சலி சொன்னாரா? திருமூலர் சொன்னாரா? இரண்டு பேரும் சொல்லவில்லை. அந்த எண்ணுக்கு வயது கால் நூற்றாண்டுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

அது பிறந்த கதை சுவாரசியமானது. மும்பை, மைசூர், லண்டன், கனடா என்று சுற்றி நம்ம திருநெல்வேலிச் சீமை வழியாகவும் போகிறது. நீளமான பதிவு. ஒரு டீ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

*சான்றிதழ் தேவைப்படாத காலம்*

ஹட யோகத்தின் பழைய நூல்களில் அதிகம் பேசப்படுவது 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை. அதில் விவரிக்கப்படும் ஆசனங்கள் மொத்தம் 15. அந்த நூல் பொதுமக்களுக்காக எழுதப்பட்டதும் இல்லை. குருவின் அருகில் இருந்து பழகும் சிலருக்கானது.

அந்த உலகத்தில் "இவர் தகுதியான ஆசிரியரா?" என்ற கேள்விக்குப் பதில் ரொம்ப எளிது. "இன்னாரிடம் இருந்தவர்." அவ்வளவுதான். குருவை ஊருக்குத் தெரியும், சீடனை குருவுக்குத் தெரியும். நம்பிக்கை ஆளிடமிருந்து ஆளுக்குப் போனது. நடுவில் காகிதம் எதற்கு?

சிக்கல் எப்போது வருகிறது என்றால், யோகா முன்பின் தெரியாதவர்களுக்குக் கற்றுத்தரப்படும்போது. சம்சாரிகள், ஆபீஸ் போகிறவர்கள், நோயாளிகள்.

1918-ல் மும்பை வெர்சோவாவில் யோகேந்திரர் 'தி யோகா இன்ஸ்டிட்யூட்'டைத் தொடங்கினார். குடும்பஸ்தர்களுக்கு யோகம் என்பதுதான் அவர் கொள்கை. 1924-ல் லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமாவைத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒரே குருவின் சீடர்கள். குருவின் பெயர் மாதவதாஸ்.

குவலயானந்தர் ஒரு வேலை செய்தார். வயிற்றை உள்ளிழுத்துச் சுழற்றும் நௌலி, உட்டியானம் போன்ற பயிற்சிகளின்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். 1920-களில்! முடிவுகளை 'யோக மீமாம்சா' என்ற இதழில் வெளியிட்டார். "குரு சொன்னார், செய்" என்பதிலிருந்து "என்ன நடக்கிறது என்று பார்ப்போம்" என்று நகர்ந்த புள்ளி இது. 1950 வாக்கில் அதே லோனாவாலாவில் யோகாவுக்கென்று ஒரு கல்லூரியும் வந்தது. யோகா கற்பிப்பவருக்குப் பாடத்திட்டம், டிப்ளமா என்ற எண்ணமெல்லாம் அப்போதே இந்தியாவில் இருந்திருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

*மைசூரிலிருந்து புனேவுக்கு ஒரு 18 வயதுப் பையன்*

சரி, மைசூருக்கு வருவோம்.

1933-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை நடந்தது. ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மாணவர்கள் பெரும்பாலும் இளவட்டப் பையன்கள். வேகமான, வியர்வை சிந்தும் பயிற்சி. ஊர் ஊராகச் செயல்விளக்கமும் நடத்துவார்கள்.

அங்கே வந்து சேர்ந்தவர்தான் பி.கே.எஸ்.ஐயங்கார். கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர். சிறு வயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று வரிசையாகப் படுத்து எழுந்த பையன். மெட்ரிகுலேஷனும் தேறவில்லை.

இப்போது கதைக்குள் ஒரு அரசு மருத்துவர் வருகிறார். நம்ம ஆள் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். சிவில் சர்ஜன் டாக்டர் வி.பி.கோகலே. கிருஷ்ணமாச்சாரியார் குழுவின் செயல்விளக்கத்தைப் பார்த்து அசந்துபோனவர். அவருடைய முயற்சியில்தான் 1937-ல் ஐயங்கார் புனேவில் டெக்கான் ஜிம்கானாவுக்கு ஆறு மாதம் கற்றுக்கொடுக்கப் போனார். டாக்டர் உடலைப் பற்றிப் பேசுவார், பையன் ஆசனம் செய்து காட்டுவார். இப்படிப் பல கூட்டங்கள்.

ஆறு மாதத்துக்குப் போனவர் 2014-ல் இறக்கும்வரை புனேவிலேயே இருந்தார்.

அந்த 18 வயதுப் பையனிடம் என்ன தகுதி இருந்தது? மூன்று வருடப் பழக்கம், குருவின் பெயர், ஒரு டாக்டரின் பரிந்துரை. மீதியை அவர் தன் உடம்பில் பரிசோதித்தும், எதிரே நிற்கும் மாணவர்களின் உடம்பைப் பார்த்தும் கற்றுக்கொண்டார். பல பத்தாண்டுகள்.

1952-ல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் மும்பை வந்தபோது ஐயங்காரைச் சந்தித்தார். 1954-ல் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போனார். ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார். அதன் பின்புறத்தில், தன்னுடைய மிகச்சிறந்த யோகா ஆசிரியருக்கு என்று பொறிக்கப்பட்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நவீன யோகாவின் மிகப் பிரபலமான ஆசிரியருக்குக் கிடைத்த முதல் பெரிய 'சர்டிஃபிகேட்' ஒரு மாணவர் கொடுத்த வாட்ச்.

*லண்டன் மாநகரக் கல்வித்துறை கேட்ட கேள்வி*

1960-களில் பிரிட்டனில் யோகா மோகம் பரவியது. அங்கே உள்ளாட்சிக் கல்வித்துறைகள் பெரியவர்களுக்கு மாலை நேர வகுப்புகள் நடத்துவது வழக்கம். தையல், சமையல், பிரெஞ்சு, மரவேலை. பள்ளிக்கூடக் கட்டடத்தில் கட்டணம் குறைவாக நடக்கும். யோகாவும் அந்தப் பட்டியலில் சேரவேண்டும் என்று கோரிக்கை. கேட்டு வந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

இப்போது அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் கொடுக்க வேண்டும். எதிரே "எனக்கு யோகா தெரியும்" என்று ஒருவர் நிற்கிறார். அவர் சொல்வது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தையல் டீச்சருக்கு டிப்ளமா உண்டு. இவருக்கு?

1969 வாக்கில் லண்டன் உள்நகரக் கல்வி ஆணையம் ஒரு முடிவுக்கு வந்தது. ஐயங்கார் முறையில் வகுப்பு நடத்தலாம். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஆன்மிகம், மறைஞானம் எல்லாம் வகுப்பில் கூடாது, உடற்பயிற்சியாக மட்டும் இருக்க வேண்டும். இரண்டு, ஆசிரியர் ஐயங்காரால் அங்கீகரிக்கப்பட்டவராக இருக்க வேண்டும்.

குருவின் வாய்ச்சொல் ஒரு அரசு அலுவலகத்தின் ஃபைலுக்குள் போனது இப்படித்தான். ஐயங்கார் லண்டன் வரும்போதெல்லாம் ஆசிரியர்களைத் தானே பார்த்து ஒப்புதல் கொடுத்தார். பின்னாளில் அதுவே படிப்படியான தேர்வுகள் உள்ள முறையாக வளர்ந்தது. 1966-ல் வந்த அவருடைய 'லைட் ஆன் யோகா' புத்தகம் ஏற்கனவே ஆசனங்களுக்குக் கடின அளவு எண் போட்டிருந்தது. பாடத்திட்டம் தயார் செய்ய இதைவிட வசதி என்ன வேண்டும்?

இதில் கிடைத்தது என்ன? லண்டனில் ஒரு சாதாரண குடும்பப் பெண் சின்னக் கட்டணத்தில், ஓரளவு சோதிக்கப்பட்ட ஆசிரியரிடம் யோகா கற்க முடிந்தது. சின்ன விஷயமில்லை.

போனது என்ன? தத்துவம் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. இன்று "யோகான்னா ஸ்ட்ரெச்சிங் தானே" என்று உலகம் நினைப்பதற்கு இந்த மாதிரி நிபந்தனைகளும் ஒரு காரணம்.

*பத்தமடை டாக்டரும் ஒரு மாதப் பயிற்சியும்*

அதே 1969-ல் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதை நடந்தது. அதன் வேர் நம்ம ஊரில் இருக்கிறது.

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடை. பாய்க்குப் பேர்போன ஊர். 1887-ல் அங்கே பிறந்த குப்புசாமி மருத்துவம் படித்து மலாயாவுக்குப் போனார். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். சுமார் பத்து வருடம் கழித்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேஷ் போய் 1924-ல் துறவு வாங்கினார். அவர்தான் சுவாமி சிவானந்தர். துறவியான பிறகும் இலவச மருந்தகம் நடத்தியவர். 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார்.

(உலகம் முழுக்க யோகா மேட் விற்கும் காலத்தில், யோகாவைப் பரப்பியவர்களில் ஒருவர் பாய் நெய்யும் ஊரில் பிறந்தவர் என்பது எனக்கு எப்போதுமே பிடித்த தகவல்.)

அவருடைய சீடர் கேரளாவைச் சேர்ந்த சுவாமி விஷ்ணுதேவானந்தர். 1957-ல் குரு அவரை மேற்கே அனுப்பினார். அமெரிக்கா போய், பிறகு கனடாவில் கியூபெக் மாகாணத்தில் வால் மோரின் என்ற இடத்தில் ஆசிரமம் அமைத்தார். 1969-ல் அவர் யோகா ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். நான்கு வாரம். அங்கேயே தங்க வேண்டும். விடியற்காலை தியானம், தினமும் இரண்டு வேளை ஆசன வகுப்பு, கீதை, வேதாந்தம், ஆசிரம வேலை, கடைசியில் தேர்வு.

லண்டன் வாசலில் நிறுத்திய தத்துவத்தை இவர் உள்ளே அழைத்துவந்தார். அவருடைய நோக்கமே வேறு. உலக அமைதிக்காக உழைக்கும், தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்த மனிதர்களை உருவாக்க வேண்டும் என்றார். ஆசிரியர் வேலை அதில் ஒரு பகுதிதான்.

ஆனா உலகம் அந்த நோக்கத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு மாதம், தங்கிப் படிப்பு, கடைசியில் சான்றிதழ். லீவு எடுத்துக்கொண்டு போய்வர வசதியான வடிவம். இன்றைய 25 நாள் விளம்பரத்துக்கு இதுதான் முன்னோடி.

*1999: எண் பிறந்தது*

1990-களில் அமெரிக்காவில் யோகா பெரிய தொழிலாகிவிட்டது. ஜிம்களில், ஆபீஸ்களில், மருத்துவமனைகளில் வகுப்புகள். எல்லோருக்கும் அதே லண்டன் கேள்விதான். வேலைக்கு எடுப்பவர் யாரை நம்புவது?

1999-ல் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு உருவானது. அவர்கள் சிக்கலைப் பாருங்கள். ஐயங்கார் முறை, சிவானந்தர் முறை, அஷ்டாங்க வின்யாசம், இன்னும் எத்தனையோ. ஒருவர் சரியென்பதை இன்னொருவர் தப்பென்பார். "நல்ல ஆசிரியர் யார்?" என்பதில் ஒருமித்த கருத்து வரவே வராது.

எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒன்றே ஒன்று இருந்தது. கடிகாரம்.

அப்படி வந்ததுதான் 200 மணி நேரம், 500 மணி நேரம். ஆரம்பகாலத் திட்டத்தில் 200-ஐ எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா?

ஆசனம், பிராணாயாமம், தியானம் முதலிய பயிற்சி: 100 மணி.
கற்பிக்கும் முறை: 25 மணி.
அனாடமி, பிசியாலஜி: 20 மணி.
தத்துவம், வாழ்க்கை முறை, நெறிமுறை: 30 மணி.
நேரடியாகக் கற்பித்துப் பழகுதல்: 10 மணி.
மீதி 15 மணி பயிற்சிப் பள்ளியின் விருப்பம்.

அந்தக் கடைசிக்கு முந்தைய வரியை இன்னொரு தடவை படியுங்கள். நான் இந்தப் பதிவை எழுதுவதே அந்த வரிக்காகத்தான். ஆசிரியர் ஆவதற்கான பயிற்சியில், ஆசிரியராக நின்று பழக 10 மணி நேரம்.

2020-ஐ ஒட்டி இந்தப் பிரிவுகளைத் திருத்தினார்கள். அனாடமி நேரம் கூடியது. மொத்தம் 200 மாறவில்லை.

இன்னொரு விஷயம். இது ஒரு பதிவேடு. பள்ளி தன் பாடத்திட்டத்தைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளும். அங்கே படித்தவர் தன் பெயரைப் பதிவு செய்துகொள்வார். நம்ம நீட், டிஎன்பிஎஸ்சி மாதிரி எல்லோருக்கும் பொதுவான ஒரு தேர்வு வைத்து வடிகட்டிய பட்டியல் கிடையாது.

அப்போ அரசாங்கம்? 2009 வாக்கில் விர்ஜீனியா, நியூயார்க் மாநில அதிகாரிகள் ஒரு முயற்சி செய்தார்கள். வேலைக்குப் பயிற்சி தரும் எல்லாப் பள்ளிகளுக்கும் உரிமம் வேண்டும் என்றால், யோகா ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கும் வேண்டும்தானே? கடும் எதிர்ப்பு. வழக்கு. 2010-ல் விர்ஜீனியா சட்டம் போட்டே விலக்கு கொடுத்தது. நியூயார்க்கும் பின்வாங்கியது. ஆக, முடி வெட்டுவதற்கு உரிமம் கேட்கும் நாட்டில் முதுகை வளைக்கச் சொல்லித் தருவதற்கு உரிமம் தேவையில்லை.

எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் சின்னப் பள்ளிகள் மூடிவிடும், பெரிய நிறுவனங்கள் மட்டும் மிஞ்சும் என்றார்கள். அது பொய்யான பயம் இல்லை.

ஆனால் மேற்பார்வை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சூடேற்றிய அறையில் 26 ஆசனங்கள் என்ற முறையைப் பரப்பியவர் பிக்ரம் சௌத்ரி. அவருடைய ஆசிரியர் பயிற்சி ஒன்பது வாரம். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் படிப்பார்கள். சான்றிதழ் கொடுப்பது அந்த ஒரே மனிதர். அந்த 26 ஆசன வரிசைக்குக் காப்புரிமை கேட்டார். 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. 2016-ல் அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகர் தொடுத்த பாலியல் தொந்தரவு வழக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி அவருக்கு எதிராகப் பல மில்லியன் டாலர் இழப்பீடு விதித்தது.

உங்கள் பிழைப்புக்கான காகிதம் ஒரே ஒரு ஆளின் கையில் இருந்தால், அவரிடம் "இல்லை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்? நெறிமுறைப் பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

*இந்தியா தாமதமாக வந்தது, ஆனால் தேர்வோடு வந்தது*

2014 டிசம்பர் 11 அன்று ஐநா பொதுச்சபை ஜூன் 21-ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 177 நாடுகள் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. அதற்குச் சற்று முன்னர்தான் ஆயுஷ் தனி அமைச்சகமாகியிருந்தது.

அடுத்த ஆண்டே இந்தியத் தரக் குழுமம் வழியாக யோகா பயிற்றுநர்களுக்குத் தன்னார்வச் சான்றளிப்பு தொடங்கியது. 2018-ல் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் வந்தது. நெறிமுறைப் பயிற்றுநருக்கு 200 மணி, நலவாழ்வுப் பயிற்றுநருக்கு 400, ஆசிரியர் மற்றும் மதிப்பீட்டாளருக்கு 800 என்று படிகள். அந்த 200 இங்கேயும் வந்துவிட்டதைக் கவனித்தீர்களா?

ஒரு நல்ல வித்தியாசம் உண்டு. இங்கே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருக்கின்றன. எங்கே படித்தீர்கள் என்பதோடு நிற்காமல், என்ன தெரியும் என்றும் பார்க்கிறார்கள். ஆனால் இது கட்டாயம் இல்லை. நாளைக் காலையில் நீங்கள் மொட்டை மாடியில் வகுப்பு ஆரம்பித்தால் யாரும் காகிதம் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு (பிஎன்ஒய்எஸ்) பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அவர்கள் மருத்துவர்கள். 200 மணி நேரம் படித்தவர் பயிற்றுநர். ஒருவர் சிகிச்சை தரலாம், மற்றவர் வகுப்பு எடுக்கலாம். போர்டில் 'யோகா தெரபி' என்று எழுதிக்கொள்வதால் இந்த வித்தியாசம் மறைந்துவிடாது.

*அதே குரு, வேறு மாணவர்கள்*

மைசூரில் விட்ட கிருஷ்ணமாச்சாரியாருக்குத் திரும்புவோம். அவருடைய பிற்கால வாழ்க்கையில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

மைசூர் யோகசாலை 1950-ல் மூடப்பட்டது. 1952-ல் பக்கவாதம் வந்த ஒரு சட்ட வல்லுநருக்கு உதவ அவர் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அறுபது வயதைத் தாண்டியவர். பிறகு சென்னையிலேயே தங்கிவிட்டார். 1989-ல் நூறு வயது நிறைந்து காலமாகும்வரை.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் யார்? வயதானவர்கள். நோயாளிகள். பெண்கள். குழந்தைகள். அரண்மனைப் பையன்களுக்குக் கொடுத்த பயிற்சியை இவர்களுக்குக் கொடுக்க முடியுமா?

அவர் முறை மாறியது. ஒவ்வொருவராகத் தனித்தனியே பார்த்தார். நாடி பார்த்தார். மூச்சோடு சேர்த்து மெதுவாக, ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றினார். அவருடைய மகன் தேசிகாச்சார் சிவில் இன்ஜினியர் படிப்பை முடித்தவர். வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் இதைக் கற்றார். 1976-ல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைச் சென்னையில் தொடங்கினார்.

இப்போது பாருங்கள். 1930-களில் மைசூரில் கற்ற பட்டாபி ஜோயிஸ் வழியாக உலகத்துக்குப் போனது வேகமான அஷ்டாங்க வின்யாசம். சென்னையில் கற்ற தேசிகாச்சார் வழியாகப் போனது மெதுவான, தனிநபருக்கான யோகா. இரண்டுக்கும் ஒரே குரு!

குருவை மாற்றியது எது? எதிரே வந்து உட்கார்ந்த உடல்கள். இருபது வயது உடம்பு கற்றுக்கொடுத்ததை எழுபது வயது உடம்பு திருத்தியது.

மருத்துவத்தில் இதை நாங்கள் நன்றாக அறிவோம். எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் அனாடமி மட்டும் பல நூறு மணி நேரம் படிக்கிறோம். எல்லாத் தேர்வும் எழுதித் தேறினாலும் உடனே டாக்டர் ஆகிவிட முடியாது. ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். மெடிசின், சர்ஜரி, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று சுற்ற வேண்டும். பக்கத்தில் சீனியர் நிற்பார். தப்பு செய்யப்போனால் கையைப் பிடித்து நிறுத்துவார். அந்த ஒரு வருடம் முடிந்தால்தான் நிரந்தரப் பதிவு எண்.

யோகா சான்றிதழின் நூறு வருடக் கதையில் நழுவிப்போனது இந்த ஹவுஸ் சர்ஜன் வருடம்தான். பழைய குருகுலத்தில் அது இருந்தது, பெயர் மட்டும் வேறு. ஐயங்கார் அதைப் புனேவில் மேற்பார்வை இல்லாமலே கடந்தார். 200 மணி நேரத் திட்டத்தில் அது 10 மணி நேரமாகச் சுருங்கியது. அந்தப் பத்து மணி நேரத்திலும் எதிரே படுத்திருப்பவர் யார்? கூடப் படிக்கும், இருபத்தைந்து முப்பது வயது, ஆரோக்கியமான சக மாணவர். சான்றிதழ் வாங்கி ஊருக்கு வந்ததும் எதிரே வந்து நிற்பவர் ஐம்பத்தெட்டு வயது சர்க்கரை நோயாளி.

*இதனால் என்ன ஆகும்?*

யோகா ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. நடைப்பயிற்சி மாதிரியே பெரும்பாலானவர்களுக்கு நல்லது, பாதுகாப்பானது. நானே நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கிறேன். யாருக்கு எதை மாற்ற வேண்டும் என்று தெரியாத ஆசிரியர்தான் சிக்கல்.

ஒரு உதாரணம். சென்னையில் யோகா பயிற்சியாளர்களிடம் நடத்தி 2006-ல் வெளியான ஒரு கண் மருத்துவ ஆய்வில், சிரசாசனம் செய்யும்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அவர்களில் கண் அழுத்த நோய் அதிகமாகக் காணப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆரோக்கியமான கண் தாங்கிக்கொள்ளும். ஏற்கனவே க்ளாக்கோமா இருக்கும் கண்ணுக்கு அந்த ரிஸ்க் எதற்கு?

இதே மாதிரி: எலும்புத் தேய்மானம் உள்ள அம்மாவை முதுகை வளைத்து முன்னால் குனிய வைப்பது. காலில் மரமரப்போடு டிஸ்க் பிரச்சனை உள்ளவரை இழுத்து மடக்குவது. கர்ப்பிணிக்கோ, வலிப்பு உள்ளவருக்கோ வேகமான கபாலபாதி. இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வருபவருக்கு ஒரு மணி நேரக் கடும் பயிற்சி. கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷர் உள்ளவரைத் தலைகீழாக நிறுத்துவது.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள டாக்டர் ஆக வேண்டியதில்லை. "யாரை நான் தொடக்கூடாது, யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும்" என்று தெரிந்தால் போதும்.

*நீங்கள் வகுப்பில் சேரப் போகிறீர்களா?*

சான்றிதழைப் பாருங்கள். இருப்பது நல்லது. அதோடு இந்தக் கேள்விகளையும் கேளுங்கள்.

எத்தனை வருடமாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள்? என் வயதில், என் பிரச்சனையோடு யாராவது உங்களிடம் வந்திருக்கிறார்களா? யாரிடம் உதவியாளராக இருந்தீர்கள்? வலித்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்? என்னைத் தொட்டுத் திருத்துவதற்கு முன்னால் கேட்பீர்களா?

முதல் நாள் அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்றும் பாருங்கள். பிபி, சுகர், ஆபரேஷன், கண், மாத்திரை பற்றி எதுவுமே கேட்காமல் பாயை விரிக்கச் சொன்னால் யோசியுங்கள். "மாத்திரையை நிறுத்துங்க, யோகா பாத்துக்கும்" என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.

*நீங்கள் ஆசிரியர் ஆகப் போகிறீர்களா?*

தாராளமாக ஆகுங்கள். குறிப்பாக, பிள்ளைகள் வளர்ந்தபின் சொந்தக் காலில் நிற்க இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல வழிதான். பணம் கட்டும் முன் பயிற்சிப் பள்ளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் எத்தனை மணி நேரம், எந்த மாதிரி ஆட்களுக்கு, யார் மேற்பார்வையில் கற்றுக்கொடுத்துப் பழகுவேன்?" இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் எத்தனை வெளிநாட்டு முத்திரை இருந்தாலும் பயனில்லை.

200 மணி நேரம் முடித்தால் அது தொடக்கம். பிறகு ஒரு வருடமாவது அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராக இருங்கள். வயதானவர்கள் வரும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். உங்களுக்கான ஹவுஸ் சர்ஜன் வருடத்தை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும். எங்களுக்கும் அந்த வருடம் குறைவாகத்தான் இருந்தது.

அந்த ஐந்து கேள்விகளையும் வீட்டில் யோகா போகும் அம்மா, அப்பா, மாமியார், மாமனாருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த வகுப்புக்குப் போகும்போது அவர்கள் மாஸ்டரிடம் கேட்கட்டும். நல்ல மாஸ்டர் என்றால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.